சாகிற ராசாவின் சொல்

இந்தப் பனி நாட்டில், லாசாலில் நான் வேலை செய்யும் இடத்தில் ஆஸ்பத்திரி விரிப்புகளைத் தோய்த்து மடித்து அனுப்புகிறோம். ஈர விரிப்பைச் சூடான உருளைகளுக்குள் விடுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு ஒரு மூலை. ஒருவர் சுணங்கினால் விரிப்பு கோணிக்கொண்டு போய் மற்றப் பக்கம் அள்ளிச் சுருண்டு வரும். ஆறு வருடமாக என் மற்ற மூலையைப் பிடிப்பவள் ஒரு பர்மாக்காரி.

எனக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அவளும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். எங்களுக்குப் பொதுவாக இருந்தது இங்கே வந்து பின்னேர வகுப்பில் படித்த பிரெஞ்சு. சாப்பாடு, குளிர், வருத்தம், பிள்ளை, வா, போ எல்லாம் அதில் சொல்லுவோம். மிச்சத்துக்குக் கை இருக்கிறது. அவள் சொன்னவற்றை நான் இங்கே என் ஊர்ப் பேச்சில் எழுதுகிறேன். அவள் என்னை ‘அமா’ என்பாள். அவர்களின் பாஷையில் அக்கா.

அவள் ஒருநாள் எனக்கு ஒரு பழைய ராசாத்தியின் கதையைச் சொன்னாள். சும்மா சொல்லவில்லை. என் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னாள். ஆகையால் என்னுடையதை முதலில் சொல்ல வேண்டும்.

என் கணவர் மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தார். ஈரலில் புற்று. கடைசிக் கிழமை பேச்சுக் குறைந்துவிட்டது. ஒருநாள் கண்ணைத் திறந்தார். கட்டிலுக்கு ஒரு பக்கம் நான். மற்றப் பக்கம் மச்சாள், அவருடைய அக்கா.

“தம்பியை எடு” என்றார்.

“ஓம்.”

“எப்பிடியாவது எடு.”

“ஓம், எடுக்கிறன். நீங்கள் கதையாதேங்கோ.”

சாகிறவரிடம் வேறு என்ன சொல்ல முடியும். மூன்றாம் நாள் போய்விட்டார்.

அவருடைய தம்பி கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார். எடு என்றால் எங்கள் பேச்சில் வெளிநாட்டுக்குக் கூப்பிடு என்று. இரண்டு முறை வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டவர். முதல் முறை மலேசியாவில் பிடித்துப் பதினொரு மாதம் உள்ளே வைத்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை படகு கடலில் பழுதாகி நின்றது. மீன் பிடிக்கிறவர்கள் இழுத்துக் கரை சேர்த்தார்கள். வெளிநாடு போய்த்தான் கலியாணம் என்று இருந்ததில் வயது நாற்பத்துமூன்றாகிவிட்டது. கூடப்பிறந்தவரை இங்கே கூப்பிட வழியில்லை. புருசன் பெண்சாதி என்றால் கூப்பிடலாம்.

செத்தவீட்டில் பெட்டி மூடுவதற்கு முன் என் தாலிக்கொடியைக் கழற்றி அவர் நெஞ்சில் வைத்தார்கள். பிறகு எடுத்தார்கள். அது முறை. மச்சாள் அதை ஒரு கைலேஞ்சியில் சுற்றினார்.

“உம்மட வீட்டில பகல் முழுக்க ஆளில்லை. என்னட்டக் கிடக்கட்டும்” என்றார்.

கொடுத்தேன். இருபத்தேழு வருடம் கழுத்தில் கிடந்த ஒன்று. அதை வீட்டில் எங்கே வைப்பது என்று எனக்கும் தெரியவில்லை.

வருடம் முடிய ஆட்டைத்திவசம் வில்லரேயில் மச்சாள் வீட்டில் நடந்தது. ஐயர் போனார். சனமும் சாப்பிட்டுவிட்டுப் போனது. மச்சாளும் அவர் கணவரும் நானும் மட்டும் குசினியில் நின்றோம். மச்சாளின் கணவரை நான் அண்ணை என்பேன்.

“நீரும் தனிய. தம்பியும் தனிய” என்றார் மச்சாள். “பேப்பருக்குக் கட்டினாலும் சரி. பேந்து மனம் ஒத்துப்போய் ஒண்டா இருந்தாலும் சரி. ஆர் கேக்கப்போகினம்?”

நான் படைத்த இலையை மடித்துக்கொண்டிருந்தேன்.

“சொல்லுமன்.”

“என்னத்தைச் சொல்ல, மச்சாள்.”

“என்ன, உமக்குப் பதினெட்டு வயசே வெக்கப்பட?”

“பதினெட்டெண்டா அந்தப் பிள்ளை உன்னைக் கேட்டே செய்யும்?” என்றார் அண்ணை.

“நீங்கள் வாயை மூடுங்கோ. இது செத்தவன்ர சொல்லு. இவவும் ஓமெண்டவ. நான் பக்கத்தில நிண்டனான்.”

அதுதான் என் வாயைக் கட்டியது. ஓம் என்றது உண்மை. நான் பாத்திரங்களைக் கழுவினேன். துடைத்து அடுக்கினேன். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் சனத்தில், ‘இல்லை’ என்று சொல்லாமல் பாத்திரம் கழுவிவிட்டுப் போகிற பெண் சம்மதித்துவிட்டாள் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் கழுவினேன்.

அடுத்த நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் பர்மாக்காரிக்குச் சொன்னேன்.

“புருசன்ர தம்பியையோ?”

“ஓம்.”

அவள் கரண்டியை வைத்தாள். “எங்கட ஊரில முந்தி ஒரு ராசாத்தி இருந்தவள். உனக்கு ஒரு தம்பி. அவள் கட்டினது ஒரே வீட்டுச் சகோதரங்கள் மூண்டு பேரை.”

“மூண்டு பேரையுமோ?”

“ஒரேயடியாயில்லை. ஒருத்தனுக்குப் பிறகு ஒருத்தன்.”

அவளுடைய ஊர் ஒரு பெரிய ஆற்றங்கரையில். அக்கரையிலும் இக்கரையிலும் பழைய காலத்தில் ராசாக்கள் இருந்தார்களாம். அறுநூறு எழுநூறு வருடத்துக்கு முந்திய சங்கதி. அவள் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைக் கவிழ்த்தாள். அது அரச கதிரை. அதில் ஒரு திராட்சைப்பழத்தை வைத்தாள். பக்கத்தில் உப்புப் போத்தல். அது ராசாத்தி.

“முதல் ராசா சாகிறான்.” பழத்தை எடுத்து வாயில் போட்டுவிட்டு இன்னொன்றை வைத்தாள். “சகோதரம் வருகுது. கதிரை அவனுக்கு. கதிரையோட அவளும் அவனுக்கு. பேந்து வடக்கால சண்டைக்காரர் வருகினம். அவனைப் பிடிச்சுக்கொண்டு போகினம்.” அடுத்த பழமும் போனது. “மற்றச் சகோதரம் வருகுது. கொஞ்ச மாசம்தான். அவனைக் கொன்றுபோட்டு வேறொருத்தன் வாறான். இவன் நாலாவது. இவனும் அவளை எடுக்கிறான்.”

“அவள் ஓமெண்டவளோ?”

“ஆர் கேட்டது?”

“நாலு பேருக்கும் சமைச்சவளோ?”

“ராசாத்தி என்னத்துக்குச் சமைக்கிறாள்? நீதான் சமைப்பாய்.”

சிரித்தோம். மணி அடித்தது. எழும்பிப் போய்த் திரும்ப மூலையைப் பிடித்தோம்.

அன்று வேலை முழுக்க அந்தப் பொம்பிளையை யோசித்துக்கொண்டு நின்றேன். முதல் ராசாவிடம் அவள் வந்தபோது மற்றச் சகோதரங்களும் அதே அரண்மனையில்தான் இருந்திருப்பார்கள். அவளைப் பெயர் சொல்லியா கூப்பிட்டிருப்பார்கள்? அவர்களின் பாஷையிலும் அண்ணன் பெண்சாதிக்கு ஒரு முறைச் சொல் இருக்கத்தான் செய்யும். அந்தச் சொல்லை எந்த நாளோடு விட்டிருப்பார்கள்? மகளிடம் சொல்லிப் போனில் தேடச் சொன்னேன். இருந்தது. எந்த ராசாவுக்குப் பிறகு எந்த ராசா என்று ஒழுங்காகப் போட்டிருந்தது. நான் கேட்ட சங்கதி மட்டும் அதில் இல்லை. எப்போது செத்தாள் என்றும் மகள் பார்த்த இடத்தில் இல்லை.

எனக்கு ஒரு மகள். பத்தொன்பது வயது. செஜெப் கல்லூரியில் படிக்கிறாள். ஸ்பொன்சர் பத்திரங்களை நிரப்ப அவளிடம்தான் மச்சாள் கொடுத்துவிட்டார்.

“அம்மா, இரண்டு பேரும் முதன்முதல் எங்க சந்திச்சனீங்கள் எண்டு கேட்டிருக்கு.”

“என்ர கலியாணத்தில.”

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

“வாசலில நிண்டு பன்னீர் தெளிச்சவர். பதினைஞ்சு வயசு. சட்டை பெரிசு. கை வெளியில தெரியேல்லை.”

“மே நோ, அம்மா” என்றாள் பிரெஞ்சில். “இதை எழுதேலாது.”

“அப்ப விடு.”

“உறவு எப்ப தொடங்கினது எண்டும் கிடக்கு.”

மாமியும் மாமாவும் செத்த பிறகு தம்பி ஏழு வருடம் எங்களோடு இருந்தார். பள்ளிக்கூடச் சட்டையை நான்தான் தோய்த்தேன். சைக்கிளில் விழுந்து வந்தால் நான்தான் மருந்து போட்டேன். அம்மாள் வருத்தம் வந்து உடம்பெல்லாம் கொப்புளமாகக் கிடந்தபோது வேப்பிலை பரப்பி, பக்கத்தில் இருந்து சொறியவிடாமல் கையைப் பிடித்தேன். இதெல்லாம் உறவுதான். அந்தப் பெட்டிக்குள் எழுதுகிற உறவில்லை.

“சித்தப்பாவை நான் பேந்து என்னெண்டு கூப்பிடுறது?”

“சித்தப்பா எண்டே கூப்பிடு.”

“ஒபிசர் கேட்டா?”

நான் பத்திரத்தின் மடிப்பைக் கையால் நீவினேன்.

“நீங்கள் ஓமெண்டு சொன்னனீங்களா?”

“இல்லையெண்டு சொல்லேல்லை.”

“அது ரெண்டும் ஒண்டில்லை, அம்மா.”

“இங்க வளந்த உங்கட ஆக்களுக்கு ஒண்டில்லை” என்றேன். அவள் பத்திரத்தை மடித்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

தம்பி கொழும்பிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார். அண்ணன் இருந்த காலத்திலும் அப்படித்தான். “அண்ணி, சாப்பிட்டாச்சோ? அண்ணி, அங்க பனியோ?” ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் ஒரு அண்ணி இருக்கும். கலியாணப் பேச்சு வந்த பிறகும் எடுத்தார். “சாப்பிட்டாச்சோ? பனியோ?” அண்ணியை விட்டுவிட்டார். அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவும் இல்லை. நானும் தம்பி என்று கூப்பிடுவதைக் குறைத்தேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கூப்பிடாமல் கதைத்தோம். அந்தப் பக்கம் விசிறி கிறீச்சென்று சுற்றுவது கேட்கும்.

ஒருநாள், “கெதியா நடக்குமோ?” என்று கேட்டார்.

“தெரியேல்லை.”

“லொட்ஜ்காரன் ஒரு மாதிரிப் பாக்கிறான். எவ்வளவு காலம்தான் இதுக்க கிடப்பீர் எண்டு.”

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவர் என்றால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும்.

பொன்னுருக்கு நடந்தது தை மாதத்தில். எங்களில் கலியாணத்துக்கு முன் நல்ல நாள் பார்த்து, மாப்பிள்ளை பக்கத்தில் நகை செய்யும் பத்தரைக் கூப்பிட்டுப் பொன்னை உருக்குவார்கள். உருக்கிய பொன்னில்தான் தாலி செய்வது. உருக்கினால் பிறகு கலியாணம் நிற்கக் கூடாது என்பார்கள். நாள் பார்த்ததை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. காலமைத் தேத்தண்ணி நேரம் வேலையில் நிற்கும்போது மச்சாள் அனுப்பிய வீடியோ போனில் வந்தது.

லொட்ஜ்காரரின் வீட்டு விறாந்தையாக இருக்க வேண்டும். நிறைகுடம் வைத்திருந்தார்கள். விளக்கு எரிந்தது. தம்பி வேட்டியோடு கால் மடித்துச் சப்பாணி கட்டி இருந்தார். முன்னந்தலை மயிர் கொட்டியிருந்தது. பத்தர் கரி அடுப்பை ஊதினார். தட்டில் வெற்றிலை, பாக்கு, பொன். வழமையாக ஒரு பவுண் நாணயம்தான் வைப்பார்கள். போனைக் கிட்டக் கொண்டுபோனார்கள். நாணயம் இல்லை. தாலி. கொடி இல்லாமல் தனித் தாலி. பிள்ளையார் உருவில் இடப்பக்கம் தேய்ந்து மழுங்கியிருந்தது. கொக்கி பட்டுப் பட்டு அப்படித் தேய்ந்தது. அதைத் தேய்த்தது என் கழுத்து.

பத்தர் அதைக் குறட்டால் பிடித்து உருக்குகிற மூசைக்குள் போட்டார். பிள்ளையாரின் தும்பிக்கை முதலில் போனது. பிறகு எல்லாம் போய் ஒரு துளியாக நின்றது.

வீடியோவுக்குக் கீழே மச்சாளின் குரல். “வடிவா உருண்டு வந்திருக்கு. நல்ல சகுனம் எண்டு பத்தர் சொன்னவராம்.”

உடனே மச்சாளுக்குப் போன் எடுத்தேன்.

“மச்சாள், அது என்ர தாலியெல்லோ.”

“பின்ன ஆற்ற? எங்கட அம்மா போட்ட பொன். எங்கட வீட்டுப் பொன் எங்கட வீட்டுக்கையே நிக்கட்டும் எண்டுதான் கொழும்புக்குப் போன ஆளிட்டக் குடுத்துவிட்டனான். புதுப் பொன்னில செய்தா நீர் கோவிப்பீர், செத்தவனை மறந்திட்டம் எண்டு நினைப்பீர் எண்டு பயந்தன்.”

“கேட்டிருக்கலாம்.”

“பொன்னுக்கு என்ன தீட்டு? வையும், எனக்கு அடுப்பில கறி.”

அவருடைய குரலில் ஒரு கள்ளமும் இல்லை. எனக்கு நல்லது செய்ததாகவே நினைத்திருக்கிறார். அதனால் என்னால் கத்தவும் முடியவில்லை.

மெஷினுக்குப் போனேன். நாலாவது விரிப்போ ஐந்தாவதோ, மூலை கையை விட்டுப் போனது. எட்டிப் பிடிக்கப் போய் மணிக்கட்டு உருளையில் பட்டது. பர்மாக்காரி சிவப்புப் பொத்தானை அடித்தாள். மேற்பார்வைக்காரர் வந்து பார்த்து, களிம்பு பூசி அரை மணித்தியாலம் இருக்கச் சொன்னார். துணைக்கு அவளையும் விட்டார்.

நான் போனை அவளிடம் காட்டினேன். பார்த்தாள். என் மணிக்கட்டில் ஊதினாள். “ராசாத்தியின்ர மிச்சம் சொல்லட்டோ?” என்றாள்.

“சொல்லு. வேற என்ன வேலை.”

“அந்த நாலாவது ராசா சண்டைக்குத் தூரம் போறான். அங்க வருத்தம் வருகுது.” முகத்தில் விரலால் புள்ளி புள்ளியாகக் குத்திக் காட்டினாள். அம்மாள் வருத்தம் என்று விளங்கியது. “சாகப்போறன் எண்டு அவனுக்குத் தெரியும். ஒரு தளபதியைக் கூப்பிடுறான். கெதியா ஓடு, அரண்மனைக்குப் போய் ராசாத்தியைக் கொல்லு எண்டுறான்.”

“ஏன்? என்ன செய்தவள்?”

“ஒண்டும் செய்யேல்லை. தான் செத்தா வேறொருத்தன் எடுத்துப்போடுவான் எண்டு.”

“தானும் அப்பிடித்தானே எடுத்தவன்.”

“அதாலதான் அவனுக்குத் தெரியும்.” அவள் என் கையைத் திருப்பிப் பார்த்து இன்னும் கொஞ்சம் களிம்பு வைத்தாள். “தளபதி வாளோட போறான். ராசா உன்னைக் கொல்லச் சொன்னவர் எண்டுறான். அவள் அழேல்லை. கொல்லுறது என்னத்துக்கு, நீயே என்னை எடன் எண்டுறாள்.”

நான் சிரித்துவிட்டேன். கை எரிந்தது. “கெட்டிக்காரி.”

“அவன் கொல்லேல்லை. இரண்டு பேரும் ஆத்துக்கு அக்கரை ஓடியிட்டினம். என்ர ஊருக்கு.”

“பேந்து?”

“பேந்து புது ராசா வாறான். தளபதி தோத்திட்டான். அவளைப் பிடிச்சு ஒரு பெரிய ஆளுக்குக் குடுத்தினம்.”

“திரும்பவும் குடுத்தினமோ.”

“குடுத்தினம்.”

அவள் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. இருந்தோம்.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது நான் ராசாத்தியை யோசிக்கவில்லை. தளபதியைத்தான் யோசித்தேன். அவனிடம் ஒரு சாகிற மனிதன் ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டான். அதைச் சுமந்துகொண்டு குதிரையில் எத்தனை நாள் வந்தானோ. வரும் வழியில் கொல்லுவது என்றுதான் வந்திருப்பான். அவனும் ஓம் என்று சொல்லிவிட்டு வந்தவன்தானே. வாசலில் வந்து, முன்னால் ஒரு ஆள் உயிரோடு நின்று கதைத்தபோது, அந்தச் சொல்லைக் கீழே போட்டான். போட்டதில் அவனுக்கும் ஒரு இலாபம் இருந்தது, சரி. ஆனால் போடலாம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

என் கணவர் ‘எடு’ என்றார். ‘கட்டு’ என்று சொல்லவில்லை. திவச நாளிலிருந்து நான் இதைத்தான் மனதுக்குள் மச்சாளோடு வழக்காடிக்கொண்டிருந்தேன். அவர் கருதியது எது என்று இனி ஒருவரும் கேட்க முடியாது. அன்று பஸ்ஸில் வேறு மாதிரி யோசித்தேன். அவர் கட்டச் சொல்லித்தான் சொன்னார் என்று வைத்துக்கொண்டேன். தெளிவாக, மூன்று முறை, மச்சாள் சாட்சியாகச் சொன்னார் என்றே வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொண்டு பார்த்தாலும் முடியாது என்றுதான் வந்தது.

கொழும்பில் இருக்கிறவரையும் யோசித்தேன். அவர் திரும்பவும் கடலில் இறங்கக்கூடும். அதையும் வைத்துக்கொண்டு பார்த்தேன். முடியாது. இறங்க வேண்டிய தரிப்பைத் தாண்டிப் போய், பனிக்குள் திரும்பி நடந்து வந்தேன்.

அந்த ஞாயிறு வில்லரேக்குப் போனேன். கூறைச் சேலை பார்க்கப் போகத்தான் வந்தேன் என்று மச்சாள் நினைத்தார். வடை சுட்டிருந்தார்.

“போனை எடுங்கோ, மச்சாள். தம்பியோட கதைக்க வேணும்.”

“பாருங்கோப்பா” என்று அண்ணையைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். “பொன்னுருக்கினாப் பிறகு பொம்பிளை மாப்பிள்ளையைப் பாக்கக் கூடாது.”

“பாக்கேல்லை. கதைக்கிறன்.”

படம் இல்லாமல் எடுத்துச் சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார்.

“தம்பி.”

“ஓம்.”

“என்னால ஏலாது.”

விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

“கலியாணத்தைச் சொல்லுறன். உமக்குச் சட்டை தோய்ச்சனான். அம்மாள் வருத்தத்துக்கு வேப்பிலை போட்டனான். என்னால ஏலாது.”

“பேப்பருக்குத்தானே, அண்ணி” என்றார். சொன்ன பிறகு தன் வாயில் வந்த சொல்லைத் தானே கேட்டிருக்க வேண்டும்.

மச்சாள் கரண்டியோடு வந்து நின்றார். “என்ன விசர்க்கதை இது? பொன்னுருக்கியாச்சு!”

“உருக்கினது நீங்கள்.”

“செத்தவனுக்கு ஓமெண்டனீர். நான் கேட்டனான். இந்தக் காதால கேட்டனான்.”

“ஓமெண்டுதான் சொன்னனான். நான் செய்யமாட்டன்.”

“சாகிறவனுக்குப் பொய்யோ சொன்னனீர்?”

“அப்பிடித்தான் முடிஞ்சிருக்கு, மச்சாள்.”

அவர் கதிரையில் இருந்துவிட்டார். கரண்டியிலிருந்து எண்ணெய் நிலத்தில் சொட்டியது. அண்ணை எழும்பிப் போய் அடுப்பை நிறுத்தினார்.

போனில் குரல் வந்தது. “எனக்கு வேற வழியில்லை, அண்ணி.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமோ?”

“தெரிஞ்சும்.”

அவர் அழவில்லை. திட்டவும் இல்லை. “சரி, வைக்கிறன்” என்றார். அவர் வைத்த பிறகும் மூன்று பேரும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மச்சாள் உள்ளே போனார். ஒரு சின்னப் பையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். கொடி மட்டும் இருந்தது. தாலி கோர்க்கும் இடம் வெறுமையாக இருந்தது. “கொண்டு போம். இனி இந்த வீட்டுப்படி மிதிக்காதையும்.”

அண்ணை காரில் மெட்ரோ வரை கொண்டுவந்து விட்டார். நான் கதவைத் திறந்தபோதுதான் சொன்னார்.

“இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம், பிள்ளை.”

“ஓம், அண்ணை.”

“சொல்லியிருந்தா அவன் உவ்வளவுக்கு நம்பியிருக்கமாட்டான்.”

மாட்டேன் என்றது என் பிழை என்று நான் நினைக்கவில்லை. அன்று குசினியில் பாத்திரம் கழுவியது என் பிழை. அந்த மனிதர் அந்தப் பாத்திரச் சத்தத்தை நம்பி வேட்டி கட்டிக்கொண்டு நெருப்புக்கு முன்னால் இருந்தார்.

வீட்டில் மகளுக்குச் சொன்னேன். அவள் பத்திரங்களை எடுத்துக் கிழிக்கப் போனாள். கிழிக்காதே என்றேன். ஏன் என்று கேட்டாள். பின்பக்கம் வெள்ளை, எழுதலாம் என்றேன். என்னைக் கட்டிப்பிடித்தாள். எனக்கு அது பழக்கமில்லை. நின்றேன்.

திங்கட்கிழமை பர்மாக்காரி மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

“குடுத்திட்டினமோ?”

“இல்லை.”

“அப்ப மூலையைப் பிடி.”

பிடித்தேன்.

மாசி போனது. பங்குனியும் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரவில்லை. நான் இரண்டு முறை எடுத்தேன். அடித்து அடித்து நின்றது. சித்திரை நடுவில் அண்ணை எடுத்தார். மச்சாளுக்குத் தெரியாமல் வெளியில் நின்று கதைத்தார் போல. வாகனச் சத்தம் கேட்டது.

“அவன் வெளிக்கிட்டிட்டான்.”

“எங்க?”

“சொல்லேல்லை. ஏஜென்சிக்காரன் ஒருத்தன் ஆக்கள் சேர்த்தவனாம். லொட்ஜ்காரன்தான் சொன்னவன். போன் நிப்பாட்டிக் கிடக்கு.”

“எப்ப போனவர்?”

“பத்து நாளாகுது.”

பத்து நாள் இருபது நாளானது. முப்பதானது. வேலைக்குப் போகிறேன். விரிப்புகள் வருகின்றன. பர்மாக்காரி கேட்பாள், “போன் வந்துதோ?” இல்லை என்பேன். அவளும் ஊரில் இருக்கும் தன் அண்ணனின் போனுக்காகத்தான் காத்திருக்கிறாள். அங்கே திரும்பவும் சண்டை. அந்த ஆற்றின் இரண்டு கரையிலும்.

போன சனிக்கிழமை காலமை போன் அடித்தது. மச்சாள். நாலு மாதத்துக்குப் பிறகு.

“உமக்குப் போன் எடுத்தவனோ?”

“இல்லை, மச்சாள்.”

“உண்மையைச் சொல்லும். கோவத்தில எனக்கு மறைக்காதையும்.”

“இல்லை. சத்தியமா இல்லை.”

“எங்கையும் கரை சேர்ந்தா உமக்குத்தான் முதல் எடுப்பான். சின்னனிலயிருந்து அப்பிடித்தான். விழுந்தாலும் உம்மட்டத்தான் ஓடுவான்.”

“எடுத்தா உடனே சொல்லுறன்.”

“எத்தினை மணியெண்டாலும் சொல்லும்.”

“ஓம்.”

அந்த ஓம் என் வாயிலிருந்து வந்தபோது மச்சாள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“சாப்பிட்டனீங்களோ, மச்சாள்?”

“பேந்து சாப்பிடுவம்” என்றார். “நீர் இப்ப வையும். அவன் எடுக்கிற நேரம் உம்மட லைன் பிசியா இருக்கக் கூடாது.”

வைத்தேன்.